கப்பல் ஆயா

தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்தப் பெயருக்கு எதிரே கோடு போட்டவன் நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் ஆயாம்மா. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் கப்பல் ஆயா.

சிரம்பானிலிருந்து ராசா, மம்பாவ் எல்லாம் தாண்டி உள்ளே போக வேண்டிய ரப்பர்த் தோட்டம் அது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கி இரண்டாவது வருடம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், தோட்டத்துக்குள் துப்பாக்கியோடு ஸ்பெசல் போலீஸ்காரர்கள், நடுவில் வாளியும் உளியுமாகப் பால் வெட்டப் போகும் எங்கள் சனங்கள். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. துரை போருக்குப் பிறகு வந்த புது ஆள், தமிழ் தெரியாது. அவர் பேசுவதைச் சனங்களுக்கும் சனங்கள் பேசுவதை அவருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலையில் பாதி.

தாய்மார்கள் வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகைதான் ஆயாம்மாவின் ராஜ்யம். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். வாசலில் ஒரு காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, நல்ல அகலம். பால் கரைக்கவும் துணி மாற்றவும் எழுவார். வேலை முடிந்ததும் மறுபடி அதே இடம், அதே கால் நீட்டல். அந்தக் காலைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. சளி பிடித்த அம்மா போக முடியாது. கள்ளுக்கடையிலிருந்து நேரே பிள்ளையைக் கொஞ்ச வரும் அப்பன் நிச்சயமாகப் போக முடியாது. ஒருமுறை துரையின் பெரிய நாய் மோந்துகொண்டே நுழையப் பார்த்தது. ஆயாம்மா காலை எடுக்கவில்லை. நாய் உறுமியது. அவர் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றார். கடைசியில் துரையே வந்து நாயை இழுத்துக்கொண்டு போனார்.

“கடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க ஆயாம்மா?” என்று கேட்டேன்.

“கடிச்சிட்டுப் போவட்டும். உள்ள போவாதில்ல?” என்றார்.

இந்தக் குணம் அவருக்கு ஒரு கப்பலிலிருந்து வந்தது. அப்படித்தான் அவரே சொல்வார்.

அவருடைய அப்பா நாகப்பட்டினத்துக்காரர். இளம் வயதில் பம்பாய்க்குப் போய், அங்கே துறைமுகத்தைக் காப்பதற்கென்றே வெள்ளைக்காரன் கட்டிவைத்த ஓர் இரும்புக் கவசக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். ஆயாம்மா பம்பாயில் பிறந்தவர். எட்டு வயதுவரை கரையிலிருந்து தினமும் அந்தக் கப்பலைப் பார்த்தவர். தொட்டிலை விட்டு இறங்காத குழந்தைக்குக்கூட அந்தக் கப்பலின் கதையைச் சொல்வார். பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் வாசலில் நிற்கும் புதுத் தாய்க்குச் சொல்வார். ஊசி போட வரும் டிரசருக்கும் சொல்வார். கேட்டுக் கேட்டு அது எனக்கு மனப்பாடம்.

“அது மத்த கப்பல் மாதிரி இல்ல தம்பி. சீமையில கட்டி, பாய்மரம் நட்டு, எப்படியோ தள்ளிக்கிட்டு வந்து சேர்த்தானுங்க. வந்ததும் பாய்மரத்தைப் புடுங்கிப் போட்டுட்டான். இனிமே நீ எங்கேயும் போக வேணாம், இங்கேயே நில்லுன்னுட்டான். சுத்தி ஒரு சாண் கனத்துக்கு இரும்பு. இரும்புக்குப் பின்னால ஒரு சாண் தேக்கு. நடுவுல ரெண்டு உருண்டைக் கோட்டை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பீரங்கி. அந்தக் கோட்டையைக் கையால சுத்துவாங்க. அது அப்படியே திரும்பும், நாம கழுத்தைத் திருப்புற மாதிரி.”

“ரொம்ப உயரமா?”

“எங்க உயரம்! தண்ணிக்கு மேல இவ்வளவுதான் தெரியும்.” முழங்கையை மடக்கிக் காட்டுவார். “காத்து அடிச்சா அலை மேலேயே ஏறிப் போவும். மொதல்ல பார்க்கிறவன் கப்பல் முங்கிப் போச்சுன்னு கத்துவான். அதுதான் அதோட சூட்சுமம். எதிரி சுடணும்னா எதைப் பார்த்துச் சுடுவான்?”

சுடுவதற்கு எதிரி வந்தானா என்பதுதான் கேட்கிறவர்களின் அடுத்த கேள்வி. வரவில்லை. முப்பது வருடம் அந்தக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றது. பயிற்சிக்காகக் கொஞ்ச தூரம் வெளியே போய் நாலு குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வரும். ஒரு சண்டையும் போடவில்லை. பம்பாயில் மற்ற கப்பல்காரர்கள் அவருடைய அப்பாவைக் கேலி செய்வார்களாம், சண்டை போடாத சண்டைக்கப்பலில் வேலை பார்க்கிறாய் என்று.

இந்த இடம் வந்தால் ஆயாம்மாவின் குரல் உயரும். “எங்கப்பா என்ன சொல்வாரு தெரியுமா? முப்பது வருசமா ஒருத்தன் உள்ள வரல. அது போட்ட சண்டை அதுதான்டா, போங்கடான்னுவாரு.”

பிறகு புதிய கப்பல்கள் வந்தன, புதிய பீரங்கிகள் வந்தன. அந்தக் கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்க விற்றுவிட்டார்கள். இழுத்துக்கொண்டு போன அன்று அப்பா கரையில் நின்று அழுததை ஆயாம்மா ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடனே எழுந்து தொட்டில்களைப் பார்க்கப் போய்விட்டார். வேலை போன அப்பா ஊருக்குத் திரும்பி, அங்கேயும் பிழைப்பில்லாமல், மகளோடு மலாயாவுக்குக் கப்பலேறினார். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் அவருக்குப் பிடிக்கவேயில்லையாம். மகள் மட்டும் இந்த மண்ணில் வேர்விட்டார்.

அந்த வருடம் ஒரு நாள் பட்டப்பகலில் ஸ்டோர் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஒரு குண்டு, ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றின் பலகைச் சுவரில் நுழைந்து, உள்ளே தொங்கிய சட்டையில் நுழைந்து, எதிர்ச் சுவரையும் துளைத்துக்கொண்டு போய்விட்டது. சனங்கள் கூடி நின்று அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஆயாம்மாவும் வந்து பார்த்தார். அந்தப் பலகையைக் கழற்றித் தரச் சொன்னார்.

மறுநாள், தாய்மார்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஆபீசுக்கு வந்தார். கையில் அந்த ஓட்டைப் பலகை. துரையின் மேசைமேல் அதை வைத்தார்.

“சொல்லுங்க தம்பி. இதே பலகைதான் என் கொட்டாயிலயும் இருக்கு. கொட்டா ஸ்டோர் ரோட்டு ஓரமா இருக்கு. தொர தன் காருக்குச் சுத்தி இரும்பு மாட்டியிருக்காரு. பங்களாவுக்கு மணல் மூட்டை அடுக்கியிருக்காரு. இருபத்தேழு புள்ளைங்களுக்கு என்ன மாட்டியிருக்காருன்னு கேளுங்க.”

நான் துரையைப் பார்த்தேன். என் வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தது. வசதிப்பட்டால் ஆயாக்கொட்டகைக்கும் ஏதாவது பாதுகாப்பு செய்ய முடியுமா என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் சொன்னேன். பார்க்கலாம் என்று துரை தலையாட்டிவிட்டுக் கடிதத்துக்குத் திரும்பினார்.

ஆயாம்மா அசையவில்லை.

“நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீங்க இவ்வளவு சின்னதா முடிச்சிட்டீங்களே தம்பி.”

“சொல்லிட்டேன் ஆயாம்மா. பார்க்கலாம்னு சொல்றாரு.”

“நான் சொன்ன மாதிரி சொல்லல. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா கார் தெரியும். நீங்க காருன்னு சொல்லவேயில்ல.”

எனக்கு முகம் சுட்டது. அவர் மேசைக்கு முன்னால் நின்ற நிலையைப் பார்த்தேன். நாய்க்கு முன்னால் இருந்த அதே நிலை. இனி இவர் இங்கிருந்து போகமாட்டார் என்று புரிந்தது. அவர் சொன்னதை அப்படியே, காரும் பங்களாவும் மணல் மூட்டையும் எதுவும் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரையின் காது சிவந்தது. பேனாவைக் கீழே வைத்தார். ஓட்டைப் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இரும்பு எங்கே இருக்கிறது என்று கேள்” என்றார்.

ஆயாம்மா அதற்கும் பதிலோடுதான் வந்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் வெடித்துப்போன பழைய பாய்லர் ஸ்டோருக்குப் பின்னால் புல்லுக்குள் கிடக்கிறது. அதை வெட்டிப் பிரித்தால் தகடு.

துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். கொட்டகையைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத்தான் வரும், மேலே போதாது என்றார்.

“போதும்னு சொல்லுங்க. தொட்டிலை எல்லாம் இறக்கிக் கட்டிடுவேன். தரைக்கு மேல ஒரு சாண். புள்ளைங்க எல்லாம் தகட்டுக்குக் கீழதான் ஆடும். மேல குண்டு போனா போவட்டும், மேல யாரு இருக்கா? எங்கப்பா கப்பலும் அப்படித்தான் கீழேயே கிடக்கும்.”

எந்தக் கப்பல் என்று துரை கேட்டார். நான் சுருக்கவில்லை. பம்பாய், ஒரு சாண் இரும்பு, ஒரு சாண் தேக்கு, கையால் சுற்றும் கோட்டை, ஏறிப்போகும் அலை எல்லாவற்றையும் சொன்னேன். துரை போரில் கடற்படையில் இருந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த மாதிரிக் கப்பல்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன் என்றார். முதல் முறையாக ஆயாம்மாவை நேராகப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆயாம்மா உட்காரவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு தம்பி. இரும்புக்குப் பின்னால மரம் வேணும். தேக்கு இங்க ஏது? பழைய ஆத்துப் பாலத்தோட செங்கால் மரப் பலகை கரையில கிடக்கு. அது போதும்.”

துரை சிரித்தார். மரமெல்லாம் அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டுக்கு, துப்பாக்கிக்கு வெறும் தகடே அதிகம் என்றார்.

“குண்டு உள்ள வராம இருக்கலாம். ஆனா அடிக்கிற அடியில ஆணித்தலை பிச்சுக்கிட்டு உள்ள பறக்கும். மரம் இருந்தா அதைப் புடிச்சுக்கும். கப்பல்ல இருந்தவரு சொன்னது. மரம் இல்லாம நான் கட்டமாட்டேன்.”

நீங்களே பலகையைச் சுமந்துகொண்டு வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று துரை முடித்தார். ஒருவேளை அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அன்று மாலையே தொடங்கிவிட்டது. வெட்டு முடித்து, பால் நிறுத்து, வாளி கழுவிய பெண்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். செங்கால் பலகை கல்லைப் போலக் கனக்கும். ஒரு பலகைக்கு ஆறு பெண்கள். தலையில் சும்மாடு வைத்து, தோளில் சாக்கு மடித்துப் போட்டு, சிவப்பு மண் பாதையில் வரிசையாக வந்தார்கள். ஸ்பெசல் போலீஸ்காரன் ஒருவன் கேட்டில் நிறுத்தி, இது என்ன என்றான்.

“கப்பல்!” என்றாள் முன்னால் வந்தவள். பின்னால் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. மறுநாள் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சிரம்பான் லோபாக்கிலிருந்து ஒரு சீன வெல்டர் வந்து பாய்லரை வெட்டிக் கொடுத்தார். ஆயாம்மா அவரை ஒரு தகட்டைக்கூடச் சும்மா மாட்டவிடவில்லை. கீழே இடைவெளி தெரிந்தால் போதும், “சினி லா, தவுக்கே! பாவா சிக்கிட்!” என்று மலாயில் கத்துவார். வெல்டர் தலையை ஆட்டிக்கொண்டே தகட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குவார். வாசலுக்கும் பின்னால் பலகை வைத்த ஒரு தனித் தகடு, தண்டவாளத் துண்டின்மேல் தள்ளி மூடுகிற மாதிரி. கடைசி நாள் வெல்டர் கூலியோடு ஆயாம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, கொட்டகையைத் தட்டிப் பார்த்து, “பாகுஸ்” என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

“ஆயா, கப்பல் எப்போ கடலுக்குப் போவுது?” என்று வேலை மேற்பார்க்கும் மண்டோர் கேலி செய்தார்.

“போவாது லா. போவாம இருக்கத்தானே கட்டியிருக்கு.”

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. துரு ஏறத் தொடங்கிய அந்தக் கொட்டகையைப் பார்த்து வெளித்தோட்டத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். பால் பவுடர் டின்களைக் கொடுக்க நான் கொட்டகைக்குப் போயிருந்தேன். உதவி ஆயாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. தனியாக இருந்த ஆயாம்மா வாசலை விட்டு எழுந்து வந்து டின்களை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். துரையின் கார், இரும்புத் தகடு மாட்டிய உருவம், ஸ்டோர் ரோட்டில் வருவது தெரிந்தது. அது வளைவைத் திரும்பியதும் காட்டோரத்திலிருந்து சூடு தொடங்கியது. ஸ்டோரில் இருந்த போலீஸ்காரர்கள் திருப்பிச் சுட்டார்கள். நாங்கள் சரியாக நடுவில்.

நான் தரையில் விழுந்தேன். முதல் குண்டு தகட்டில் பட்ட சத்தம் கோயில் மணியைக் காதோரம் அடித்தது போல் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக வீறிட்டன. தலைக்கு மேலே பலகைச் சுவரில் ஓட்டைகள் விழுந்தன. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு வெயில் கோடு உள்ளே நீண்டது. அந்தக் கோடுகளுக்குக் கீழே, வெகு கீழே, தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஆயாம்மா தவழ்ந்துகொண்டே பிள்ளைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகம் மாறியது.

“இருபத்தாறுதான் இருக்கு.”

வாசல் வழியே பார்த்தேன். நடக்கப் பழகிய ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் வெளியே தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தான். சேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் வரும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தம்பி, கதவைப் புடி. நான் வந்ததும் சாத்து.”

எத்தனையோ நாள் யாரையும் தாண்டவிடாமல் உட்கார்ந்திருந்த அந்த வாசலை அவரே தாண்டினார். ஓடவில்லை. அகன்ற உடம்பை மண்ணோடு ஒட்டவைத்து, முழங்கையை ஊன்றி ஊன்றிப் போனார். இருபதடிதான் இருக்கும். எனக்கு அது முடியாத தூரமாக இருந்தது. குழாய் மேடையில் ஒரு குண்டு பட்டு சிமெண்ட் தெறித்தது. அவர் பையனின் காலைப் பிடித்து இழுத்துத் தனக்கு அடியில் போட்டுக்கொண்டார். அப்படியே பின்னோக்கி வந்தார். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை வழுக்கியது. அவருடைய பாதம் முதலில் உள்ளே வந்தது, பிறகு முதுகு, அதன் அடியில் சேற்றோடு பையன், கடைசியில் தலை. தகட்டைத் தள்ளிச் சாத்தினேன். சாத்திய மறுகணம் அதில் ஒரு குண்டு வந்து அடித்தது. என் உள்ளங்கை அதிர்ந்தது. செங்கால் பலகை அந்த அடியை வாங்கிக்கொண்டது. ஓர் ஆணித்தலைகூட உள்ளே வரவில்லை.

“இருபத்தேழு” என்றார் ஆயாம்மா, மூச்சு வாங்க. பிறகு பையனின் வாயைத் திறந்து, உள்ளே இருந்த சேற்றை விரலால் வழித்தெடுத்தார். “இதைத் தின்னாதேன்னு எத்தனை தரம் சொல்றது?”

கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. காட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். முதலில் கேட்டது தாய்மார்களின் சத்தம். வாளியையும் உளியையும் மர நிரையிலேயே போட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே ஓடிவந்தார்கள். மேல் சுவர் முழுக்க ஓட்டையாகிக் கிடப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்த ஒருத்தி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் தகட்டைத் தள்ளித் திறந்தேன். ஆயாம்மா வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாக, அதன் தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தார். கீறல்கூட இல்லை. மண்ணில் உட்கார்ந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பெண்ணை அவள் மடியில் வைத்தார்கள். அவள் பிள்ளையைப் பார்த்தாள், ஆயாம்மாவைப் பார்த்தாள், அவர் காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு யாரோ குலவையிட்டார்கள். அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குலவை ஸ்டோர் தாண்டி, லைன் தாண்டி, காடுவரை கேட்டிருக்கும்.

துரையும் உயிரோடு இருந்தார். காருக்குள் ஒரு குண்டும் நுழையவில்லை. ஆனால் தகட்டை முடுக்கியிருந்த ஆணித்தலைகளில் இரண்டு பிய்த்துக்கொண்டு உள்ளே பறந்து, ஒன்று அவர் முழங்கையைக் கிழித்துவிட்டது. கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மறுநாள் கொட்டகைக்கு வந்தார். தகட்டிலிருந்த அடையாளங்களை எண்ணினார். பதினொன்று. உள்ளே எட்டிப் பார்த்துச் செங்கால் பலகையைத் தடவினார்.

“காருக்கும் மரம் வைக்க வேண்டும். எவ்வளவு கனம் என்று கேள்” என்றார்.

ஆயாம்மா கட்டை விரலையும் சுட்டு விரலையும் விரித்துக் காட்டினார். துரை அதைத் தன் விரலால் அளந்து பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சுற்றுவட்டாரத்துத் தோட்டத் துரைமார்கள் ஆறு பேர் எங்கள் துரையோடு பார்க்க வந்தார்கள். பெரிய ஆட்கள், இடுப்பில் துப்பாக்கி, முழங்கால்வரை பூட்ஸ். தங்கள் தோட்டங்களிலும் பிள்ளைகளுக்கு இப்படிக் கட்ட வேண்டும், அளவெடுக்க வேண்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். முதலாமவர் பலகைத் தரையில் காலை வைத்ததும் கொட்டகையே அதிர்ந்தது.

ஆயாம்மாவின் கால் குறுக்கே நீண்டது.

“இப்பத்தான் தூங்குதுங்க. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வரச்சொல்லுங்க தம்பி.”

சொன்னேன். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் துரைதான் முதலில் உட்கார்ந்தார், ஒற்றைக் கையால் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மற்றவர்களும் சிவப்பு மண்ணில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார்கள். துப்பாக்கி வாரையும் அவிழ்த்து அதன்மேல் வைத்தார்கள். பதினான்கு பூட்ஸ் வாசலில் வரிசையாக நின்றன. பிறகு அந்த ஏழு வெள்ளைக்காரர்களும் காலுறையோடு, முதுகை வளைத்து, நுனிக்காலில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்த தொட்டில்களுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை.